மகனுக்குச் சொல்லவேண்டிய ஏழாவது புத்தி

1936 ஜூன் 3, புதன்

அகோர வெயில். வடகம் பிழிந்து காயப்போட்டது. காக்கை ஓட்டவே ஒரு ஆள் வேண்டும்.

ராஜு எஸ்.எஸ்.எல்.சி. தேறிவிட்டான்! பேப்பரில் நம்பர். மூன்று தரம் பார்த்தேன், இவர் கண்ணாடி போட்டுக்கொண்டு நாலாம் தரம் பார்த்தார். ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர், டாக்டர் சீட்டைக்கூட ஒரே தரம்தான் பார்ப்பார்.

வந்தவர்கள்: பக்கத்து வீட்டுப் பேச்சியக்கா, தறிக்காரர் வீட்டுப் பெண்கள், சபையில் மணியடிக்கிற கோயில் பிள்ளை, போதகரம்மா. எல்லோருக்கும் கற்கண்டு.

ஞாயிறு சாயங்காலம் வீட்டில் ஸ்தோத்திரக் கூட்டம். எங்கள் சபை வழக்கப்படி, தேறின பிள்ளையை நடுவில் நிறுத்தி, பெற்றவர்கள் சபைக்கு முன்னால் புத்தி சொல்லி, கையில் வேதம் கொடுக்க வேண்டும். தகப்பன்தான் சொல்வது. இவர் இப்போதே நழுவுகிறார்.

"நாலு பேரு முன்னாடி எனக்கு நாக்கு ஒட்டிக்கிரும். நீயே சொல்லிரு. தெனமும் சொல்றதுதானே?"

நக்கல். இருக்கட்டும்.

ஜூன் 4, வியாழன்

காற்றே இல்லை. உளுந்து ஊறப்போட்டு மறந்துபோனேன்.

சொல்ல வேண்டிய புத்தி, எழுதிப் பார்த்தது:

1. காலையில் ஜெபம் செய்யாமல் காப்பி குடிக்காதே.
2. பொய் சொல்லாதே.
3. சுருட்டு, சினிமா வேண்டாம்.
4. ஞாயிறு ஆராதனை தவறாதே. பிரசங்கத்தில் தூங்காதே. (அப்பாவைப் பார்த்துப் பழகாதே.)
5. எளியவர்களிடம் குரலை உயர்த்தாதே.
6. வாரம் ஒரு கடிதம்.
7.

ஏழாவதை எழுத முடியவில்லை. இங்கே எழுதிவிடுகிறேன், இந்த நோட்டை யாரும் தொடமாட்டார்கள்.

பதினாலு வருஷம் முன்பு, ஊரெல்லாம் வாந்திபேதி. மூத்தவள் கிரேஸ் போய்விட்டாள், ஐந்து வயது. மூன்றாம் நாள் ராஜுவுக்குக் கண்டது. ஆஸ்பத்திரி வராந்தாவில் முழங்கால்படியிட்டு, இவனையாவது விட்டுவையும், விட்டால் உம் ஊழியத்துக்கே கொடுத்துவிடுகிறேன், போதகராக்குகிறேன் என்று பொருத்தனை செய்தேன். பிழைத்தான். யாருக்கும் சொல்லவில்லை, இவருக்குக்கூட.

இன்று தபாலில் வந்தது: திருச்சி ரயில்வே பட்டறையில் அப்ரண்டிஸ் வேலை. 15ந் தேதி சேர வேண்டும். முற்றத்தில் குதித்தான். "அம்மா, எஞ்சினை அக்கு அக்காக் கழட்டி மாட்டலாம்மா!"

கோயில் ஆர்மோனியத்தைப் போன மாதம் அப்படித்தான் கழற்றினான். மாட்டியும் விட்டான், அதுவரை ஊமையாயிருந்த இரண்டு கட்டைகள் இப்போது பேசுகின்றன. தெரியும். எல்லாம் தெரியும். ஆனால் கொடுப்பதாகச் சொன்னதைக் கொடுக்காவிட்டால், விட்டுவைத்ததை எடுத்துக்கொள்வாரோ?

இந்தப் பயம்தான். வேறு ஒன்றுமில்லை.

ஜூன் 5, வெள்ளி

போதகரைப் பார்த்துச் சொல்லிவிட்டேன். கண் கலங்கினார். வேதசாஸ்திரப் பள்ளிக்குச் சிபார்சுக் கடிதம் தருகிறாராம். பிறகு கேட்டார், "பையனுக்குத் தெரியுமாம்மா?"

"தெரியும் ஐயா" என்றேன்.

பச்சைப் பொய். அதுவும் போதகர் வீட்டில், மேலே வசன அட்டை தொங்க. இரண்டாம் புத்தி எழுதி ஒருநாள் ஆகவில்லை.

என் யோசனை: ஞாயிறு கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் ஏழாவதாக இதைச் சொல்வது. சபைக்கு நடுவில் நின்றுகொண்டு எந்தப் பிள்ளை மாட்டேன் என்று சொல்லும்? எழுதியதைத் திரும்பப் படித்தால் பிள்ளை பிடிக்கிறவள் போல இருக்கிறது.

ரசத்தில் உப்பில்லை என்றார். இருக்காது.

ஜூன் 6, சனி

மனம் கேட்கவில்லை. காலையிலேயே அடுப்படியில் வைத்து ராஜுவிடம் சொல்லிவிட்டேன். வாந்திபேதி, அக்கா, வராந்தா, எல்லாம்.

கத்துவான் என்று நினைத்தேன். பதில் எல்லாம் தயாராக வைத்திருந்தேன். தட்டில் இட்லியைப் பிட்டுப் பிட்டு வைத்தான், தின்னவில்லை.

"சரிம்மா. நீங்க நேந்துக்கிட்டீங்கன்னா போறேன்."

அவ்வளவுதான். கை கழுவிவிட்டு எழுந்து போனான். கொஞ்ச நேரத்தில் வாசலில் அவன் சிநேகிதன் துரை குரல்: "ஏன் மாப்ள, நெசமாவா? எல்லாத்தையுமா குடுக்குற?" எட்டிப் பார்த்தேன். திருப்புளி, ஸ்பேனர், எண்ணெய்க் குப்பி, சாக்கில் போட்டுத் துரை கையில்.

ஜெயித்துவிட்டேன். சந்தோஷம்தான் வரவில்லை.

கத்தியிருக்கலாம் பாவி.

மத்தியானம் பேச்சியக்கா உலக்கை கேட்டு வந்தது. "ஏ கம்பவுண்டரம்மா, மூஞ்சி ஏன் இம்புட்டு வாடிக் கெடக்கு?" என்றதும் அழுகை வந்துவிட்டது. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அது கன்னத்தில் கைவைத்துக் கேட்டது.

"நேந்தது யாரு?"

"நான்தான்."

"அப்ப அவன் எதுக்குத் தீச்சட்டி தூக்குறான்? நேந்தவதான தூக்கணும்?"

எனக்குச் சுருக்கென்றது. "நீங்க பிள்ளைக்கு மொட்டை போடுறேன்னு நேந்துக்கிறது இல்லையாக்கா? பிள்ளை தலையைத்தானே வழிக்கிறீங்க?"

"முடி திரும்ப மொளைக்கும் தாயி. அவன் ஆயுசு மொளைக்குமா?"

சாமி கும்பிடுகிற விதமே வேறு, இது எனக்குப் புத்தி சொல்ல வந்துவிட்டதா என்று கோபம். உலக்கையைக் கொடுத்து, வெடுக்கென்று கதவைச் சாத்தினேன். மரியாதைகெட்ட காரியம். மன்னிப்புக் கேட்க வேண்டும்.

கேட்கிறது சரியாயிருந்தால் யார் வாயில் வந்தால் என்ன?

சாயங்காலம் ஜெபிக்க உட்கார்ந்தேன். வராந்தாவில் பேரம் பேசியது நான். கொடுப்பதாகச் சொன்னது அவனை.

ஜூன் 7, ஞாயிறு

மழை வருவதுபோல் இருட்டி, ஏமாற்றியது.

கூட்டம். நாற்பது பேர், பெண்கள் அடுக்களை வரைக்கும். ராஜு வெள்ளைச் சட்டையில் நடுவில், தூக்கு மேடைக்குப் போகிறவன் மாதிரி. பாட்டு. ஜெபம். போதகர் என் பக்கம் கை காட்டினார்.

காகிதத்தை மடித்து வைத்துவிட்டேன். வாய்க்கு வந்ததைச் சொன்னேன். ஞாபகமிருக்கிற வரை:

"ராஜு, பொய் சொல்லாதே. உன் அம்மா வெள்ளிக்கிழமை ஒண்ணு சொன்னா, மூணு நாளா சோறு இறங்கலை. ஐயா, பையனுக்குத் தெரியும்னு உங்ககிட்ட சொன்னது பொய். வாந்திபேதியில இவனை நான் நேந்துக்கிட்டேன். இவனைக் கேக்கலை, இவங்க அப்பாவைக் கேக்கலை. அது என் கடன். இவன் தலையில வைக்க மாட்டேன். நான் செலுத்துறேன். சபையில எனக்கு என்ன வேலை குடுத்தாலும் செய்றேன். ராஜு, நீ திருச்சிக்குப் போ."

கோயில் பிள்ளை மட்டும் இருமினார்.

இவர் எழுந்தார். நாக்கு ஒட்டிக்கொள்ளும் மனுஷர். எல்லோர் முன்னாலும் என்னைப் பார்த்து, "பதினாலு வருஷமா தனியாவா சொமந்த?" என்றார். அப்புறம் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அவரிடம் அன்றே சொல்லியிருக்க வேண்டும். அதுவும் என் தப்பு.

வேதத்தைக் கையில் வாங்கும்போது ராஜு என் விரலையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டான். விட வெகு நேரம் ஆயிற்று.

பலகாரம் சாப்பிடும்போது போதகர் சொன்னார்: "அலங்காநல்லூர் பக்கத்துக் கிராமங்களுக்கு வேதஸ்திரீ இல்லம்மா. பொம்பளைங்க கூட உக்காந்து பேச, எழுத்துச் சொல்லிக்குடுக்க, ஒருத்தரும் போக மாட்டேங்குறாங்க."

வெயில் என்றால் எனக்குத் தலைவலி. நாய் என்றால் உயிரே போய்விடும்.

"நான் போறேன் ஐயா" என்றேன்.

ஜூன் 8, திங்கள்

பேச்சியக்காவிடம் மன்னிப்புக் கேட்டாயிற்று. "போ கம்பவுண்டரம்மா, இதுக்கெல்லாமா!" என்றது. உலக்கையை மட்டும் திருப்பித் தரவில்லை.

துரையிடமிருந்து சாக்கு திரும்பி வந்தது. ஒரு ஸ்பேனர் குறைகிறதாம். இரண்டு பேரும் சண்டை.

ஜூன் 13, சனி

ஞாயிறு பிரயாணம் கூடாது, ஆகவே இன்றே அனுப்பினோம். ஸ்டேஷனில் நல்ல கூட்டம். கொடுத்தது: வேதம், இரண்டு வேட்டி, முறுக்கு, பருப்புப் பொடி, நல்லெண்ணெய். மிச்சமிருந்த புத்தியெல்லாம் ஜன்னல் வழியே. ரயில் கிளம்பும் சத்தத்தில் ஒன்றும் அவன் காதில் விழுந்திருக்காது.

பயம் போகவில்லை. போனதாக எழுதினால் அதுவும் பொய். எஞ்சின் தூக்கும்போது சங்கிலி அறுந்தால்? காய்ச்சல் வந்தால்? எல்லா அம்மாவும் இதைத்தான் சுமக்கிறாள் என்றார் இவர். இருக்கலாம்.

ஜூன் 22, திங்கள்

முதல் நாள். பஸ்ஸில் அலங்காநல்லூர், அங்கிருந்து நடை. குடை பிடித்தும் தலைவலி. நாய்கள்: மூன்று. ஒன்று வெகுதூரம் கூடவே வந்தது. கடிக்கவில்லை, வழியனுப்பிற்று.

வேப்பமரத்தடியில் ஏழு பெண்கள். கடலை உடைத்துக்கொண்டே கேட்டார்கள். பாட்டுப் பிடித்தது, என் பேச்சு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. ஒரு கிழவி பாதியில் தூங்கிப்போனாள்.

பிறகு அவர்கள் முறை. "ஏந்தாயி, ஒனக்குப் புள்ளைக எத்தன?"

"ரெண்டு. ஒண்ணு இருக்கு."

"இருக்கது என்னா வேல பாக்குது? ஒன்னைய மாதிரி சாமி வேலையா?"

"இல்ல. திருச்சியில ரயில் எஞ்சின் ரிப்பேர் பாக்குறான்!"

எவ்வளவு சத்தமாகச் சொன்னேனோ, தூங்கின கிழவி விழித்துக்கொண்டாள்.

"அப்ப எங்கூருக்கு ஒரு ரயிலு விடச் சொல்லு."

எழுதுகிறேன் என்றேன்.