கல்லறையில் மணி அடித்த கதை

விட்பி,
18 ஏப்ரல் 1993

அன்புத் தங்கை ஹிலரிக்கு,

ஈஸ்டருக்கு யார்க்கில் என்னை வைத்துப் பார்த்துக்கொண்டதற்கு நன்றி. உன் ஆட்டுக்கறி ரோஸ்ட் இன்னும் நாக்கில் நிற்கிறது.

ஒன்று கேட்க வேண்டும். சுற்றுலாக்காரர்களுக்கு நீ நடத்தும் பேய் உலாவுக்கு என்னையும் கூட்டிப்போனாயே, அந்தக் கல்லறைத் தோட்டத்தில் நெஞ்சில் கை வைத்துச் சொன்னாய்: "உயிரோட இருக்கறவங்களையே செத்துட்டாங்கன்னு புதைச்சிடுவாங்க. பெட்டியைத் திறந்தா மூடியெல்லாம் நகக்கீறல்! என் கண்ணால பாத்திருக்கேன். அதான் பொணத்து விரல்ல கயிறு கட்டி, மேல மணி தொங்கவிட்டாங்க. மயிரிழையில தப்பினவனை 'மணியால பொழைச்சான்'னு சொல்றோமே, அந்தப் பேச்சு பொறந்தது இங்கதான்!"

என் கிளிஃபர்டைப் புதைத்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. இறந்த அன்று நான் முத்தமிட்டபோது அவர் நெற்றி வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. கண்ணை மூடினால் அவர் உள்ளே கீறுவது கேட்கிறது. கல்லறையைத் திறக்க அனுமதி கேட்டுப் பாதிரியாரிடம் போகப் போகிறேன். நிஜமாகவே பார்த்தாயா, ஹிலரி?

உன் அக்கா,
தெல்மா

யார்க்,
21 ஏப்ரல்

அன்பு அக்காவுக்கு,

கடிதம் கண்டதும் எழுதுகிறேன். பாதிரியாரிடம் போகாதே. நான் எதையும் பார்க்கவில்லை. மணி வைத்த பெட்டிகளை யாரோ செய்து பார்த்தது உண்டு; அதற்கும் அந்தப் பேச்சுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அது குத்துச்சண்டையில் வந்த பேச்சு. அடி வாங்கித் தள்ளாடுகிறவனைச் சுற்று முடியும் மணி காப்பாற்றுகிறது, அவ்வளவுதான்.

எனக்கு முன் இருந்த வழிகாட்டி சொன்னதில் நான் கொஞ்சம் உப்பு காரம் சேர்த்தேன். மாட்டின் இடுப்புக்கறியை ராஜா வாளால் தொட்டு 'சர்' பட்டம் கொடுத்தார், அதனால்தான் அதற்கு 'சர்லாய்ன்' என்று பெயர் என்கிறேனே, அதுவும் புளுகுதான். கேட்கிறவர்களுக்குப் பிடிக்கிறது.

அத்தான் இறந்ததை டாக்டர் பார்த்து உறுதி செய்தார். பிறகு ஒரு வாரத்துக்கு மேல் சவக்கிடங்கின் குளிரறையில் இருந்தார். வீணாக மனதைக் குழப்பிக்கொள்ளாதே.

பிரியமுடன்,
ஹிலரி

விட்பி,
24 ஏப்ரல்

அன்பு ஹிலரிக்கு,

நீ எழுதியது புத்திக்குப் புரிகிறது, காதுக்குத்தான் புரியவில்லை. உன் கடிதத்துக்குக் குரல் இல்லையே. சத்தியம் செய்த அந்தக் குரல்தான் ராத்திரி முழுக்கக் கேட்கிறது. அதே இடத்தில், அதே ஜனங்கள் முன்னால், இது பொய் என்று ஒரே ஒரு தரம் சொல்லிவிடு. சனிக்கிழமை வருகிறேன். ஓரமாக நின்று கேட்டுவிட்டுப் போய்விடுவேன். அதற்குப் பிறகும் மனம் ஆறாவிட்டால் பாதிரியாரிடம் போவேன்.

தெல்மா

யார்க்,
27 ஏப்ரல்

அன்பு அக்காவுக்கு,

சனிக்கிழமை வேண்டாம் அக்கா. முதலாளி கூடவே வருகிறார். பணம் கொடுத்து வந்தவர்களிடம் நானே பொய் என்று சொன்னால் வேலை போய்விடும். உன் கடிதம் வந்த அன்றே அந்தக் கதையை விட்டுவிட்டேன். அம்மா மேல் ஆணை. இனி அது என் வாயில் வராது.

உன் ஹிலரி

விட்பி,
3 மே

ஹிலரிக்கு,

சனிக்கிழமை வந்தேன். மழைக்கோட்டுத் தொப்பிக்குள் இருந்ததால் உனக்குத் தெரியவில்லை.

மணிக்கதை சொன்னாய். முடிந்ததும் குரலைத் தாழ்த்தினாய். "பழங்காலத்துலதான்னு நினைக்கிறீங்களா? போன பிப்ரவரி, விட்பியில, என் கூடப்பொறந்தவ புருஷன். கல்லறைகிட்ட போயி நின்னா, உள்ளேருந்து தட்டற சத்தம் கேட்டுச்சாம் அவளுக்கு!"

பக்கத்தில் நின்ற ஓர் அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ, அந்தப் பொம்பள எப்படித் தாங்குவா?" என்றாள். "தாங்கிக்குவாங்க" என்றேன்.

அவர் கல்லறையருகே நின்றவள் நான். கடற்காகம் கத்தியதைத் தவிர அங்கே ஒரு சத்தமும் கேட்கவில்லை. இப்படித்தான் செய்கிறாய் என்று அப்போது புரிந்தது. கையில் கிடைத்ததை எடுத்துச் சேர்த்துவிடுகிறாய்; இந்த முறை என் துக்கம் கிடைத்தது. அந்தக் கீறல்களும் அப்படி யாரோ சேர்த்தவைதான்.

அன்றிரவு விடியும்வரை தூங்கினேன். பாதிரியாரிடம் போகவில்லை, போகவும் மாட்டேன். கிளிஃபர்ட் இறந்துவிட்டார், அது எனக்கு உறுதியாகத் தெரிந்துவிட்டது.

அதற்காக உனக்கு நன்றி சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எழுதாதே. நீ நலமா என்று எழுதினாலும், அதில் எது நிஜம் என்று நான் யாரிடம் போய்க் கேட்பேன்?

தெல்மா