சீராக வந்த ஆறு மீன்கள்

ஆவடி,
20.11.2024, காலை

திருமதி கன்னியம்மா அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் வீட்டுப் படி ஏற மாட்டேன், போனிலும் பேச மாட்டேன் என்று கல்யாண மண்டபத்தில் சொல்லிவிட்டுப் போனவர் நீங்கள். எழுத மாட்டேன் என்று சொன்னதாக ஞாபகம் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

என் மகன் கௌதமும் உங்கள் பெண் ஜோதிகாவும் வேலை விஷயமாக மூன்று மாதம் புனே போயிருக்கிறார்கள். நீங்கள் சீராகக் கொடுத்த மீன் தொட்டி இப்போது என் தலையில். கறுப்புப் பட்டை போட்ட அந்த லோச் மீன்கள் ஆறின் மேலும் ரவை தூவினது போல வெள்ளைப் புள்ளி. கல்லில் உடம்பைத் தேய்க்கின்றன. மருந்து பாட்டிலில் போட்டிருந்தபடி ஒரு மூடி முழுசாக ஊற்றினேன். இப்போது மேலே வந்து வாயைப் பிளக்கின்றன, ஒன்று சாய்ந்தே விட்டது. மருமகள் ஒவ்வொன்றுக்கும் பேர் வைத்திருக்கிறாள். அவள் முகத்தில் எப்படி விழிப்பேன்? ஷேர் ஆட்டோ தசரதனிடமே பதில் கொடுத்தனுப்பவும்.

இப்படிக்கு,
பார்வதம்

கரையான்சாவடி,
அன்றே மதியம்

சம்பந்தியம்மாவுக்கு,

வண்ண மீன் கடையைப் போட்டது போட்டபடி விட்டு எழுதுகிறேன். "மருமகள் கட்டில் பீரோவோடு வருவாள்னு பார்த்தா, மீன்காரி தொட்டியைத் தூக்கிக்கிட்டு வந்திருக்கா" என்று சபையில் சொன்னீர்களே, அந்த மீன்காரி சொல்வதை இப்போது கேளுங்கள்.

உடனே பாதித் தண்ணீரை எடுத்துவிட்டுப் புதுசு ஊற்றுங்கள். குளோரின் எடுக்கும் சொட்டு மருந்து தசரதனிடம் இருக்கிறது, முதலில் அதைக் கலந்துவிடுங்கள். லோச் மீனுக்கு மேல்தோல் மெல்லிசு, மற்ற மீனுக்குப் போடும் மருந்தில் பாதிதான் தாங்கும். நாளையிலிருந்து பாதி மூடி. ஹீட்டரை ஒரேயடியாக ஏற்றாமல் கொஞ்சம் கொஞ்சமாக முப்பது டிகிரிக்குக் கொண்டுவாருங்கள். புள்ளி மறைந்தாலும் பத்து நாள் விடக்கூடாது, நோயின் விதை அடிக்கல்லில் கிடக்கும். சாய்ந்த மீனைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், செவுள் அசைகிறதா என்று பாருங்கள். இந்த ஜாதி கும்பகர்ணன் பரம்பரை, ஒருக்களித்துத்தான் தூங்கும்.

தினமும் எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள்.

கன்னியம்மா

ஆவடி,
2.12.2024

அன்புள்ள சம்பந்தியம்மா,

பிழைத்துவிட்டன! ஆறும் பிழைத்துவிட்டன! ஒரு புள்ளி இல்லை. என் வீட்டுக்காரர் ஃபாக்டரியில் முப்பது வருஷம் சரிபார்த்து முத்திரை குத்தியவர் ஆயிற்றே, ரிட்டயர் ஆனபின் ஒரு வேலை கிடைத்த சந்தோஷத்தில் மணிக்கொரு தரம் தெர்மாமீட்டரைப் பார்க்கிறார். சாய்ந்து கிடந்த கள்ளனுக்குத்தான் இப்போது பசி அதிகம்.

ஒரே ஒரு சந்தேகம். இரை போட்டால் தொட்டிக்குள் 'டக் டக்' என்று சத்தம் கேட்கிறது. பல் வலியா?

உங்கள் பத்துக் கடிதத்தையும் ஃப்ரிட்ஜ் மேல் அடுக்கி வைத்திருக்கிறேன். நீங்கள் திட்டினாலும் படிக்க நன்றாகத்தான் இருக்கிறது.

பார்வதம்

கரையான்சாவடி,
3.12.2024

சம்பந்தியம்மாவுக்கு,

அது சந்தோஷத்தில் போடும் சத்தம். மதுரைக்காரிக்கு இது தெரியாதா? நீங்கள் குழம்பு வைக்கிற அயிரைக்கு லோச் சொந்தக்காரன்தான். என்ன, சட்டிக்குள் போனபின் அது சத்தம் போட்டிருக்காது.

இனி மருந்தை நிறுத்திவிடுங்கள். மீன் தேறிவிட்டது, கடிதத்துக்கும் இனி வேலை இல்லை. தசரதன் வேறு, "இன்னாக்கா, ரெண்டு பேரும் போன்ல பேசிக்கினா ஆவாதா? நான் இன்னா போஸ்ட்மேனா?" என்று முறைக்கிறான். நல்லபடியாகப் பார்த்துக்கொண்டதற்கு நன்றி.

கன்னியம்மா

ஆவடி,
9.12.2024

அன்புள்ள சம்பந்தியம்மா,

மறுபடி கெட்டுவிட்டது. பெரிய மீனுக்கு இரண்டு நாளாக இமை வீங்கி இருக்கிறது. கண்ணைத் திறக்கவே மாட்டேன் என்கிறது, இரையும் எடுப்பதில்லை. எழுதிக் காட்டினால் புரியாத வியாதி போலிருக்கிறது. யாராவது நேரில் வந்து பார்த்தால் தேவலை.

கவலையுடன்,
பார்வதம்

கரையான்சாவடி,
10.12.2024

என் அருமைச் சம்பந்தி,

கடையில் விழுந்து விழுந்து சிரித்ததில் வாடிக்கையாளர் இரண்டு பேர் பயந்து போய்விட்டார்கள். மீனுக்கு ஏது இமை? அது கண்ணை மூடாது என்றுதானே உங்கள் ஊர் அம்மனுக்கே மீனாட்சி என்று பேர்! 'வாங்க' என்று ஒரு வார்த்தை எழுத, பாவம் அந்த மீனுக்கு இமை முளைக்க வேண்டியிருந்ததா?

எனக்கும் ஆசைதான். இந்த ஒரு வாரம் தசரதன் வெறுங்கையோடு வந்தபோதெல்லாம் சோறு இறங்கவில்லை. ஆனால் நாலு பேர் எதிரில் பட்ட சொல் இன்னும் உறுத்துகிறது. மீன்காரி என்றால் மீன்காரிதான், அதில் எனக்கு வெட்கமில்லை. நீங்கள் சொன்ன விதம்தான் ஆறவில்லை.

கன்னியம்மா

ஆவடி,
12.12.2024

கன்னியம்மாவுக்கு,

நான் சொன்னது தப்பு. சொன்ன அன்றைக்கே தெரியும், வாய் வரவில்லை.

அன்று நாலு பேர் எதிரில்தானே சொன்னேன்? ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு எங்கள் பிளாக் பெண்கள் பன்னிரண்டு பேரும் எங்கள் வீட்டு வாசலில் இருப்பார்கள். கல்யாணத்துக்கு வந்தவர்கள்தான். "என் சம்பந்தி வர்றாங்க, ஆறு உசிரைக் காப்பாத்தினவங்க, அவங்ககிட்ட நான் மன்னிப்புக் கேக்கணும்" என்று சொல்லி ஒவ்வொரு கதவாகத் தட்டிவிட்டு வந்தேன். இப்போது நீங்கள் வராமல் போனால் என் மானம்தான் போகும்.

வாங்க.

பார்வதம்