சக்கரம் மடக்காத முதல் பறத்தல்

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். நான் நலம். உங்கள் தோள்வலி தேவலையா? தம்பி ஒழுங்காகச் சாப்பிடுகிறானா?

உங்கள் பயிற்சி ஜெட் முதன்முதலில் பறந்ததன் ஆண்டு நிறைவை விமானத்தளத்தில் கொண்டாடுகிறார்களாமே! தோள் அடிபட்ட பிறகு அந்த விழாவில்தான் நீங்கள் மறுபடி ஓட்டப்போவதாக அப்பா போனில் சொன்னார். உடனே விடுதித் தோழிகளிடம் அளந்துவிட்டேன்.

"புது ஜெட் முதல் தடவை பறக்கும்போது சக்கரத்தை உள்ளே மடக்கவே மாட்டாங்கடி. மடக்கினது திரும்ப வெளியே வராம போயிட்டா?"

"உங்கம்மா என்ன கொக்கா, காலை மடக்காம பறக்க?" என்றாள் அறைத்தோழி. எல்லோரும் சிரித்தோம். அதிலிருந்து எனக்குப் பாடமே ஓடவில்லை.

அம்மா, உங்களுக்கும் இது முதல் தடவை மாதிரிதானே? மடக்காமலே ஒரு சுற்று வந்துவிடுங்களேன்.

காலுறை இரண்டு ஜோடி அனுப்புங்கள். அன்றைக்கு இறங்கியதும், ஹெல்மெட்டைக் கழற்றும் முன்பே வார்டன் எண்ணுக்குக் கூப்பிடுங்கள். அப்பாவுக்கு அப்புறம் சொல்லிக்கொள்ளலாம்.

அவசரத்தில்,
உங்கள் மகள்