மூணாவது கம்பெனியையே பிடிங்க

ஏனுங்க,

அங்க கனடாவுல பனி உருகினதும் கரடி வேட்டைக்குக் கூட்டிட்டுப் போற மூணு கம்பெனியோட நோட்டீசும் வந்துச்சு. எதைப் பிடிக்கலாம்னு கேட்டிருந்தீங்க. ஏப்ரல்ல பத்து நாள் லீவும் கிடைச்சிருச்சாமே. சந்தோசம்.

முதல் கம்பெனி, மரத்து மேல பத்திரமா உட்கார வெச்சுச் சுட விடுவாங்களாம். உங்களுக்குப் பொருத்தம்தான், ஆனா வேண்டாம். ரெண்டாவதுல சாப்பாடு நல்லா இருக்கும்போல. அதுவும் வேண்டாம்.

அத்தை நல்லா இருக்காங்க. போன வருசம் இத்தலார் தேயிலைத் தோட்டத்துல கொழுந்து பறிக்கையில கரடி அடிச்சு அவங்களுக்கு ரெண்டு கண்ணும் போனப்ப, லீவு இல்லைன்னீங்க. அதை நான் குத்திக் காட்டலைங்க, அவங்களும் அதைப் பத்திப் பேசறதில்லை. யார் வந்தாலும் முகத்தைத் தடவிப் பார்த்து, "தம்பி வந்துட்டானா?"ன்னு மட்டும் கேக்கறாங்க.

மூணாவது கம்பெனியையே பிடிங்க. நீங்க சுட்ட கரடியோட தலையை, முடிகூட உதிராம பாடம் பண்ணித் தருவாங்களாம். அதை ஊட்டுக்கு அனுப்பி வைங்க. அத்தை மடியில வெச்சு, உங்க பையன் வந்திருக்கார், தடவிப் பாருங்கன்னு சொல்லிக்கிறேன்.

உங்க அம்மாவுக்குச் சோறு ஊட்டி விடறவ