செத்துப்போன நைனா கேட்டில் வந்து நின்ற நாள்

பாய்,

இன்று காலை நம் திருவொற்றியூர் கன்டெய்னர் யார்டு கேட்டில் ஒரு பெரியவர் டிபன் கேரியரோடு நின்றிருந்தார். மகன் சாப்பாட்டை மறந்துவிட்டு வந்துவிட்டானாம். நெத்திலிக் குழம்பு வாசனை செக்யூரிட்டி ரூம் வரைக்கும் வந்தது. எனக்குக் காசியின் அப்பா ஞாபகம் வந்து சிரித்துவிட்டேன். அவரை நினைத்தால் நீங்கள் வராமல் எங்கே போவீர்கள்.

காசி அப்போது ரீச் ஸ்டாக்கர் ஓட்டிக்கொண்டிருந்தான், கன்டெய்னர் பெட்டிகளைத் தூக்கி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிற அந்தப் பெரிய வண்டியை. ஆந்திரா பக்கம் ஊரில் அப்பா செத்துவிட்டார் என்று போனில் சொல்லிவிட்டு ஒரு வாரம் வரவில்லை. அவன் இல்லாமல் ஒரு கப்பலுக்கான பெட்டிகள் நேரத்துக்குத் துறைமுகம் போய்ச் சேரவில்லை. மேனேஜர் என்று ஹெட் ஆபீஸில் உங்களை வறுத்தெடுத்தார்கள். இருந்தாலும் ஷிஃப்ட் ஆரம்பத்தில் வரிசையாக நின்று அவன் அப்பாவுக்காக ஒரு நிமிடம் மௌனமாக இருந்தோம். நான்தான் ஏற்பாடு செய்தேன். காசி வேலைக்குத் திரும்பிய மறுநாள், செத்த மனிதர் கொருக்குப்பேட்டையிலிருந்து கேரியரைத் தூக்கிக்கொண்டு கேட்டில் வந்து நின்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அவரையே பிடித்துக் கேட்டிருப்பேன். நீங்கள் என்னை ஓரமாக நிறுத்திவிட்டு, அவரை உள்ளே கூட்டிவந்து ஃபேனுக்கடியில் உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தீர்கள். யார்டைப் பொறுத்தவரை அவர் காலமாகிவிட்டார் என்பதைக் கடைசிவரை மூச்சுவிடவில்லை. பேச்சோடு பேச்சாக அவரே சொன்னார்: மகனுக்குச் சர்க்கரை, கண் மங்கிப்போய் விட்டது, போன வாரம் ஆஸ்பத்திரியில் லேசர் வைத்தார்கள், இன்னும் வரச்சொல்லியிருக்கிறார்கள். ஆட்கள் நடமாடுகிற இடத்தில் முப்பது டன் பெட்டியைத் தூக்குகிறவனுக்குக் கண் சரியாகத் தெரியவில்லை.

அவரை அனுப்பிவிட்டுக் காசியைக் கூப்பிட்டீர்கள். தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றான்.

“கண்ணு தெர்லன்னு சொன்னா வண்டிய புடுங்கிக்குவீங்க பாய். எனக்கு வேற இன்னா வேல தெரியும்? அதான் நைனாவ சாவடிச்சிட்டேன்.”

அவனை அன்றே அனுப்பிவிட வேண்டும் என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன். ஹெட் ஆபீஸும் அதையேதான் சொன்னது. இடம் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவார்கள், இன்றைக்கு இவனை விட்டால் நாளைக்கு ஆளுக்கொரு பாட்டியைச் சாகடிப்பார்கள் என்றேன். உங்களைவிட வயதில் மூத்தவன் நான். மேனேஜரான பிறகும் என்னை அண்ணே என்றுதான் கூப்பிட்டீர்கள். அந்த உரிமையில் கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். நீங்கள் குரலை உயர்த்தவில்லை.

“பொய்தாண்ணே சொன்னான். நெசத்த சொல்லியிருந்தா நாம இன்னா பண்ணியிருப்போம்?”

வண்டியைப் பிடுங்கியிருப்போம், கணக்கை முடித்திருப்போம், வேறென்ன. நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

அன்றே அவனை வண்டியிலிருந்து இறக்கினீர்கள், வேலையிலிருந்து இறக்கவில்லை. எந்தப் பெட்டி எங்கே நிற்க வேண்டும் என்று தீர்மானிக்கிற பொறுப்பைக் கொடுத்து, கம்ப்யூட்டரில் எழுத்தைப் பெரிதாக்கி வைத்தீர்கள். ஹெட் ஆபீஸுக்கு என்ன சொன்னீர்களோ, போனைக் காதில் வைத்துக்கொண்டு பெட்டிகளுக்கு நடுவே நெடுநேரம் நடந்தீர்கள். அதற்குப் பிறகு அங்கிருந்து யாரும் அவனைப் பற்றிக் கேட்கவில்லை.

ஆரம்பத்தில் காசி எல்லாவற்றுக்கும் உங்களிடம் ஓடிவருவான். “நீ இன்னா நெனைக்கிற?” என்று திருப்பிக் கேட்பீர்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பதில் தெரிந்த மனிதர் சொல்லித் தொலைத்தால் என்ன. கொஞ்ச நாளில் அவன் கேட்க வருவதை நிறுத்திவிட்டான். அப்புறம் பெரிய ஆபீசர் யாராவது அவசரமாக ஒரு பெட்டியை எடுக்கச் சொன்னால்கூடப் போனை அவனிடம் நீட்டிவிடுவீர்கள். அவன் முடியாது என்றால் முடியாதுதான். ஒருமுறை அவன் தப்பாகச் சொல்லி ஒரு மதியம் முழுக்க வீணாயிற்று. அன்றைக்குத் திட்டு வாங்கியது நீங்கள்.

மெல்ல மற்றவர்களும் வாயைத் திறந்தார்கள். முட்டி வலி, ராத்தூக்கம் இல்லை, வீட்டில் சண்டை என்று உள்ளதை உள்ளபடி சொன்னார்கள். நம் யார்டில் பாட்டிகள் சாவது நின்றுபோனது.

ஆனால் நீங்கள் என்ன செய்தீர்கள்? கடைசி நாள் மதியம் நீங்கள் நெஞ்சைத் தடவிக்கொண்டதை நானே பார்த்தேன். கேட்டதற்கு வாயு, சோடா குடித்தால் சரியாகிவிடும் என்றீர்கள். சோடா வாங்கிவரச் சொல்லிவிட்டு நானும் என் வேலையைப் பார்க்கப் போனேன். அன்று சாயங்காலம் தண்டையார்பேட்டை வீட்டுக்குப் போனவர்தான், திரும்பி வரவில்லை. மய்யத்து எடுத்து அடக்கம் முடிந்த பிறகு உங்கள் தம்பி சொன்னார்: ரொம்ப நாளாகவே வலி இருந்ததாம், ஆபீஸுக்குத் தெரிந்தால் ஆட்கள் கலங்கிவிடுவார்கள் என்று வீட்டார் வாயை அடைத்து வைத்திருந்தீர்களாம். எனக்கு அழுகை வரவில்லை பாய், கோபம்தான் வந்தது. இன்னும் ஆறவில்லை. காசியாவது நைனாவைப் பொய்யில்தான் சாகடித்தான்.

இப்போது உங்கள் நாற்காலியில் நான் உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு அடுத்த பொறுப்பில் காசி. சில மாதங்களாக எனக்கு இடது காது கேட்பதில்லை. பின்னால் வரும் வண்டியின் ஹாரன் காதில் விழாதவன் யார்டில் கால் வைக்கக் கூடாது என்று புதிதாக வருகிறவர்களுக்கு வகுப்பெடுப்பதே நான்தான். ஆனாலும் நாற்காலி போய்விடுமே என்று மறைத்தேன். போன வாரம், உங்கள் மேலிருந்த கோபத்திலேயே, ஷிஃப்ட் ஆரம்பத்தில் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். யார் முகத்திலும் ஆச்சரியம் இல்லை. காசிதான் பேசினான்.

“தெரியும்ணே. டெய்லி ஒருத்தன் உன் லெஃப்ட் சைடுலயே நடந்துகினு வர்றானே, சும்மாவா வர்றான்?”

யோசித்துப் பார்த்தேன், உண்மைதான். நான் யார்டுக்குள் இறங்கினால் ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டு யாராவது ஒருவர் இடது பக்கம் ஒட்டிக்கொள்வார்கள். வேலை வெட்டி இல்லையா என்று விரட்டியும் இருக்கிறேன்.

இவர்களை இப்படி ஆக்கிவிட்டுப் போனது நீங்கள்தான் பாய். உங்கள் பக்கத்திலும் எங்களில் ஒருவனை நடக்க விட்டிருக்கலாம்.