கிருத்திகையில் ஓடிய தறி

பாவா,

வெடிமருந்து நாற்றம் இன்னும் தெருவை விட்டுப் போகவில்லை. ஆடிக் கிருத்திகைக்கு மலையடிவாரத்தில் இந்த வருஷமும் அதிர்வேட்டு. நம் நாய் செவலைக்கு அந்த நாற்றம் வந்தாலே போதும், வேட்டு வெடிக்கும் முன்பே உடம்பு நடுங்கத் தொடங்கிவிடும்.

இரண்டு வருஷம் முன்பு உங்கள் சித்தப்பா ஒரு வைத்தியம் செய்தாரே. "வேட்டு போடுற எடத்துலயே கட்டிப்போடு, நாயி தெளிஞ்சிடும்." நீங்கள் பொதட்டூர்பேட்டைக்கு நூல் வாங்கப் போன நேரம் பார்த்துக் கட்டியும் போட்டார். கயிற்றைக் கடித்து அறுத்துக்கொண்டு வாயெல்லாம் ரத்தமாக ஓடிவந்த நாயைப் பார்த்துத் தெருவே சிரித்தது. அழுதவள் உங்களைக் கட்டிய என் அக்கா ஒருத்திதான். "நாய்க்கா அழுவுற?" என்று அதற்கும் ஒரு கேலி. சீ, மனிதர்களா இவர்கள்!

நான் ரயில் ஒர்க்‌ஷாப்பில் பிட்டர். சத்தத்திலேயே பிழைக்கிறவன். போன வருஷம் லீவில் வந்தபோது ஒன்றைக் கவனித்தேன். நீங்கள் தறி ஓட்டினால் செவலை கால் மிதிக்கும் தறிக்குழிக்குள் உங்கள் காலடியில் படுத்துத் தூங்கும். எஞ்சின் கூவினாலும் அசையாது. அதை வைத்துத்தான் சொன்னேன்: திட்ட வேண்டாம், இழுத்துப் பிடிக்க வேண்டாம், வேட்டுக்கு முன்பே தறியைத் தொடங்கிவிடுங்கள்.

"கிருத்திகை அன்னிக்கித் தறியா? தெருவே காறித் துப்பும்டா."

"துப்பட்டும். தொடச்சிக்கலாம்."

"உனக்கின்னா, நீ ரயிலேறிப் போயிடுவ. நான்தான இங்க இருந்துகினு கேக்கணும்?"

சொன்னீர்களே தவிர, அந்தக் கிருத்திகையில் காவடிகள் தெருவில் போகும்போது தறியில் உட்கார்ந்துவிட்டீர்கள். சித்தப்பா வந்து கதவை உதைத்தார். நீங்கள் நிறுத்தவில்லை. செவலை நடுங்கியது, ஆனால் குழியை விட்டு ஓடவில்லை. இழை அறும்போது மட்டும் கையை நிறுத்திக் குனிந்து, "ஆங், இருக்கேன்" என்பீர்கள்.

தை மாதம் காய்ச்சலில் போய்விட்டீர்கள். பாடையைத் தூக்கும் முன்பே பேசினார்கள்: "கிருத்திகையில தறி ஓட்டினான்ல, சாமி சும்மா வுடுமா?" தெருக்கிணற்றில் சாக்கடை கசிகிறது, மூடுங்கள் என்று தொண்டை கிழியக் கத்தியிருந்தேன். மூடவில்லை. உங்களுக்குக் காய்ச்சல் தந்த அந்தத் தண்ணீரைத்தான் இன்றும் குடிக்கிறார்கள். முருகனைக் கொலைகாரனாக்கிவிட்டு அவன் மலைக்கே காவடி எடுக்கிறார்கள்.

இன்று காலை நான் தறிப்பக்கம் போனதும் அக்கா கையைப் பிடித்தாள். "வேணாம்டா. உன்னையும் வாரிக் குடுத்துட்டு நான் இன்னா பண்ணுவேன்?" அந்தப் பேச்சு அவள் மனசிலும் ஏறிவிட்டது.

"அப்போ செவலையைச் சித்தப்பாகிட்ட குடுத்துடலாமா?" என்றேன்.

கையை விட்டுவிட்டாள்.

யுத்தக் காலத் தட்டுப்பாட்டில் நூல் ஏது? வெறும் தறிதான். உட்கார்ந்து மிதித்தேன், பலகையை அடித்தேன். மிஷின் மாதிரி ஒரே சீராக அடித்தேன். செவலை மூலையில் நடுங்கிக்கொண்டு நின்றதே ஒழிய, குழிப்பக்கம் வரவில்லை. முதல் வேட்டு வெடித்தது. செவலை சுவரைப் பிறாண்டியது. எங்கே தப்பு என்று எரிச்சலோடு யோசித்தேன். பிறகு, அறுவதற்கு ஓர் இழைகூட இல்லாத தறியில் கையை நிறுத்தினேன். குனிந்து, "ஆங், இருக்கேன்" என்றேன்.

செவலை குழிக்குள் இறங்கி வந்தது.

வேட்டு ஓய்ந்துவிட்டது. இதைத் தறியில் உட்கார்ந்தபடியேதான் எழுதுகிறேன். பேனா நிற்கும்போதெல்லாம் காலடியில் ஒரு காது உயர்கிறது. உங்கள் சொல்லைச் சொல்லிவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போகிறேன்.