றெபேக்காவின் வழக்கும் ரஞ்சினியின் அலுமாரியும்

தெல்லிப்பழை
ஞாயிறு பின்னேரம்

அன்புள்ள மகன் றோகானுக்கு,

ஆண்டவர் கிருபையால் இங்கே நானும் அப்பாவும் உன் தங்கச்சி ரஞ்சினி வீட்டாரும் சுகம். நீயும் சுபாஜினியும் குட்டி றெபேக்காவும் எங்களைவிடச் சுகமாக இருக்கவேண்டும் என்று காலையும் மாலையும் கேட்டுக்கொண்டே இருந்தேன், நேற்று அதற்குப் பதில் வந்துவிட்டது. றெபேக்காவின் இரண்டாவது இரத்தப் பரிசோதனையில் ஈயம் நன்றாக இறங்கிவிட்டது, அந்தக் குழந்தை மாவை நிறுத்தியதே போதும், மருந்து ஒன்றும் வேண்டாம் என்று டொக்டர் சொன்னாராம். சுபாஜினி போனில் சொல்லச் சொல்ல நான் அடுப்பில் வைத்த பாலை மறந்தே போனேன். பால் பொங்கி அடுப்பெல்லாம் ஓடியது. அப்பா "பால் போனாப் போகட்டும் விடுமப்பா" என்றார், கலியாணம் கட்டிய நாளிலிருந்து அந்த வாயில் இப்படி ஒரு சொல் வந்ததில்லை. இன்று கோவிலில் நன்றி செலுத்தினோம். உன் அப்பா பாடிய பாட்டுக்கு முன்வரிசைக்காரர் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள், அவருக்கு அதைப்பற்றிக் கவலையே இல்லை.

நேற்றுத்தானே கதைத்தோம், அம்மா ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் நான் தொடங்கினால் நீ "சரியம்மா, சரியம்மா" என்று இரண்டு தரம் சொல்லிவிட்டு வேலைக்கு நேரமாகிறது என்பாய். கடிதத்துக்கு அப்படிச் சொல்ல முடியாது. சுபாஜினியின் சித்தப்பா ரொறன்ரோவுக்குத் திரும்புகிறார், அவர் கொண்டுவரும் பெட்டியில் நீ அனுப்பிய மாப் பேணிகளுக்கு மேலே இதை வைத்திருக்கிறேன், இருந்து முழுவதையும் வாசி.

ரஞ்சினியின் மகன் ஜஸ்ரினுக்கு முதல் பல் முளைத்துப் பல்லுக்கொழுக்கட்டை கொட்டிய அன்று நடந்ததில் உன் பக்கம் உனக்குத் தெரியும், எங்கள் பக்கம் தெரியாது. உன் மருமகனைப் புதுப்பாயில் இருத்தி, தலையில் வெள்ளைத் துணி விரித்து, கொழுக்கட்டையைக் கொட்டி, அவன் எதை எடுக்கிறான் பார்ப்போம் என்று முன்னால் வேதப்புத்தகம், பேனை, சங்கிலி எல்லாம் வைத்திருந்தோம். அந்த நேரம் பார்த்து நீ வீடியோவில் வந்தாய். வாழ்த்துச் சொல்லத்தான் வந்தாய் என்று ரஞ்சினி போனைப் பாயிலேயே சாய்த்து வைத்தாள், நீயோ விம்மத் தொடங்கினாய். குழந்தை மாவில் ஈயமும் ஆசனிக்கும் இருப்பதாகக் கண்டுபிடித்திருக்கிறார்களாம், கொம்பனி திருப்பி எடுக்கிறதாம், றெபேக்காவின் இரத்தத்தில் ஈயம் கூடியிருக்கிறதாம், அதே மாவை ஜஸ்ரினுக்கும் நானே கப்பலில் அனுப்பிவிட்டேனே என்று நீ அழ, இங்கே வந்திருந்த சனம் முழுக்கப் போனைச் சுற்றிக் கூடிவிட்டது. உன் தங்கச்சியின் முகத்தை நீ பார்த்திருக்கவேண்டும். அவள் வாய் திறக்க முதல் ஜஸ்ரின் வேதப்புத்தகத்தையும் சங்கிலியையும் விட்டுவிட்டு, தவழ்ந்து போய், மாமாவின் முகம் இருந்த போனைப் பிடித்துத் தூக்கித் திருப்பிவிட்டான். நீ அழுகையை நிறுத்தி, "அலுமாரிக்குள்ளை என்ன அது?" என்று கேட்டாயே, அந்தக் குரலை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பு வருகிறது.

கலியாணப் படத்துக்குப் பக்கத்தில், தேத்தண்ணிக் கோப்பைகளுக்கு மேல் தட்டில், நீ அனுப்பிய பேணிகள் அத்தனையும் மூடி உடைக்காமல் நிரையாக நின்றன! வெளிநாட்டுச் சாமானை உடனே உடைக்கிற பழக்கம் எங்கள் வீட்டில் யாருக்கு இருந்தது? வருகிறவர்கள் பார்க்கட்டும், கொஞ்சம் வளர்ந்த பிறகு கொடுக்கலாம் என்று வைத்தாள், வைத்தது வைத்தபடி இருந்தது. பிள்ளை தின்றது அரிசிக் கஞ்சியும் பயறும் மசித்த பூசணிக்காயும்தான். நீ ஆசையாகக் கேட்கும்போதெல்லாம் "ஓமண்ணை, நக்கி நக்கிச் சாப்பிடுறான்" என்று சொன்னாளே, ஒருநாள் படமும் அனுப்பினாளே, அதில் பேணி பக்கத்தில் இருந்தது, கரண்டியில் இருந்தது ராசவள்ளிக்கிழங்கு. நீ அனுப்பியது கரட் மா, அது கத்தரிப்பூ நிறத்தில் எங்கே இருக்கிறது, படித்த பிள்ளை நீ கவனிக்கவில்லை. பொய்க்காக அவளை ஏசுவதா கட்டிப்பிடிப்பதா என்று தெரியாமல் நான் இரண்டையும் செய்தேன்.

அதற்காக எங்கள் சாப்பாடுதான் திறம் என்று நான் பெருமை அடிக்கவில்லை. கிளினிக்கில் அப்படி அடிக்கப்போய் டொக்டர்ப் பிள்ளையிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். பார உலோகங்கள் மண்ணிலும் தண்ணீரிலும் எங்கும் இருக்கலாம், அரிசியிலும் வரும், ஒன்றையே நெடுகக் கொடுக்காமல் மாற்றி மாற்றிக் கொடுங்கோ என்றார். நீயும் அப்படியே செய்.

இனி வழக்கு. வெறும் பேணிகளை நீ கோபத்தில் குப்பையில் எறிந்துவிட்டாய், அதே தொகுதியில் வந்த உடைக்காத பேணி இருந்தால் ஆய்வுகூடத்துக்குக் கொடுக்கலாம் என்று உங்கள் சட்டத்தரணி சொன்னதாகச் சுபாஜினி சொன்னாள். ரஞ்சினியின் அலுமாரியைத் துடைத்து அத்தனை பேணியையும் அனுப்புகிறேன். அப்பா கிழமைக்கு ஒருதரம் பேணிகளைத் தேய்த்துத் தேய்த்து மினுக்கிக்கொண்டிருந்தவர், நல்லகாலம், அடிப்பக்கம் திருப்பவில்லை, தொகுதி இலக்கம் அழியாமல் இருக்கிறது. ரஞ்சினி வெறும் தட்டைப் பார்த்துவிட்டு ஒரு பேணியாவது அழகுக்கு இருக்கட்டும் என்றாள், நான் முறைத்த முறையில் அதையும் தந்துவிட்டாள்.

மல்லாகம் கோட்டில் வழக்காடுகிற அடைக்கலநாதன் மாமாவையும் கூப்பிட்டுக் கேட்டோம். உங்கள் நாட்டுச் சட்டம் உங்கள் சட்டத்தரணிக்குத்தான் தெரியும் என்று முதலே சொல்லிவிட்டார். பொதுவாக, வாங்கிய குடும்பங்கள் எல்லாம் சேர்ந்து போடுகிற வழக்கில் நீங்களும் சேரலாமாம், இல்லாவிட்டால் டொக்டரின் அறிக்கையோடு றெபேக்காவுக்கென்று தனியாகவும் போடலாமாம், உணவுப் பரிசோதனைக் கந்தோருக்கு முறைப்பாடு கொடுப்பதை எதுவும் தடுக்காதாம். காசைத் திருப்பித் தருகிறோம் என்று கொம்பனி ஏதாவது தாள் அனுப்பினால் சட்டத்தரணி பார்க்காமல் கையெழுத்து வைக்கவேண்டாமாம். எதற்கும் தவணை நாள் உண்டு, சுணங்கக்கூடாது என்றார்.

ஆனால் நீ சுணங்குகிறாய். ஏன் என்று எனக்குத் தெரியும். சுபாஜினியோடு கோபிக்காதே, நான்தான் துருவித் துருவிக் கேட்டேன். வழக்கென்று போனால் பிள்ளைக்கு அந்த மாவை ஆர் தீத்தினது என்று கேட்பார்கள், நான்தான் என்ரை கையாலை தீத்தினன் என்று எப்படிச் சொல்லுவேன் என்கிறாயாம். அந்தச் செய்தி வந்த நாள் முதல் நீ பிள்ளைக்கு ஒரு வாய் சாப்பாடும் தீத்துவதில்லையாம், சாப்பாட்டு நேரம் வந்தால் கோப்பை கழுவப் போய்விடுகிறாயாம். மாமாவிடம் இதையும் சொன்னேன். அவர் தேத்தண்ணியை வைத்துவிட்டு, "அக்கா, வழக்கு பிள்ளையின்ரை. அவளுக்கு வாய் இல்லை, தகப்பன் அவளுக்காக நிக்கிறான், அவ்வளவுதான். அவன் வெக்கப்பட்டு ஒதுங்கினால் கொம்பனிதான் சிரிக்கும்" என்றார்.

மகன், பேணியில் நல்லது என்று எழுதியிருந்ததை நம்பி ஒரு தகப்பன் வாங்கினான், அன்பாகத் தீத்தினான். பிழை எழுதினவனுடையது. நீ வேலையால் களைத்து வந்தும் அவளை மடியில் வைத்து ஊதி ஊதித் தீத்துவாய், வாயில் ஒட்டியதைச் சுண்டுவிரலால் துடைப்பாய், நான் வீடியோவில் எத்தனை தரம் பார்த்திருக்கிறேன். பிள்ளைக்கு ஈயம் இறங்கிவிட்டது, இனி அப்பாவின் கையைத்தான் அவளுக்குக் காணவில்லை. சுபாஜினி கரண்டியை நீட்டினால் வாயை மூடிக்கொண்டு குசினிப் பக்கமே பார்க்கிறாளாம், நீ தண்ணீரைத் திறந்துவிட்டு நிற்கிற பக்கம்.

கர்த்தர் உங்கள் மூவரையும் கண்மணியைப்போலக் காப்பாராக. குளிருக்குக் காது மூடிக்கொண்டு போ. பேணிகளை யாரும் உடைக்காமல் சட்டத்தரணியிடம் கொடு, அவர் தரும் வழக்குத் தாளில் கையெழுத்தை வை. வருகிற ஞாயிறு அப்பாவும் நானும் போனுக்கு முன்னால் வந்து இருப்போம். பிள்ளையின் முகத்தை மட்டும் காட்டித் தப்பலாம் என்று நினைக்காதே, கரண்டி பிடித்திருக்கும் கையும் எங்களுக்குத் தெரியவேண்டும், அது உன் கையாக இருக்கவேண்டும்.

உன் அன்பான அம்மா,
பியாட்றிஸ் ஞானரட்ணம்